சேட்டைக்காரியா, தீங்கு செய்கிறவளா? எட்டிம்ஆன்லைன் அகராதி பற்றி

ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் ரேங்க் கார்டில் டீச்சர் 'மிஸ்ச்சிவஸ்' என்று எழுதி அனுப்பியிருந்தார். நான் ஆபீஸில் இருந்து வருவதற்குள் அம்மா வீட்டில் கிடந்த பாக்கெட் அகராதியைப் புரட்டியிருக்கிறார். அதில் 'தீங்கு செய்கிற' என்று மட்டும் போட்டிருந்ததாம். "பச்சைக் குழந்தையைப் போய் இப்படி எழுதலாமாடா?" என்று கண் கலங்கிவிட்டார். அவருக்குப் புரியவைக்கத்தான் எட்டிம்ஆன்லைனைத் திறந்தேன்.

டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் உருவாக்கிய ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி இது, காசு கிடையாது. சொல்லைத் தட்டினால் அதன் மொத்தச் சரித்திரமும் ஒரு பத்தியில் வந்துவிடுகிறது. இந்தச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு: முன்பாதிக்குக் 'கெட்ட' என்று பொருள், பின்பாதி தலையைக் குறிக்கும் 'கபுட்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்து 'முடிவு' ஆனது. ஆகக் கெட்ட முடிவு! 14ஆம் நூற்றாண்டில் பெரும் துன்பத்தைச் சொன்ன சொல், பிறகு தீங்கைச் சொல்லி, 1670களில்தான் குறும்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பாக்கெட் அகராதி சொன்னது தப்பில்லை, பாதிதான் சொன்னது. அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 425ஆம் பிரிவில் 'மிஸ்ச்சிஃப்' என்றால் அடுத்தவர் சொத்தை வேண்டுமென்றே நாசம் செய்வது (இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 324ஆம் பிரிவு). ஆனால் ஒரு குழந்தையையோ ஒரு சிரிப்பையோ சொல்லும்போது அதில் செல்லம்தான் இருக்கும். நாமும் குழந்தையிடம் "விஷமம் பண்ணாதே" என்கிறோம், அரசியலில் 'விஷமப் பிரச்சாரம்' என்கிறோம், யாரும் குழம்புவதில்லையே. குறும்பும் அப்படித்தான். 735ஆம் குறளில் 'கொல்குறும்பு' என்று வருவது அரசனையே அலைக்கழிக்கும் கொலைகாரக் குறுநிலக் கூட்டம், இன்றைக்கு அதே சொல்லைத்தான் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே சொல்கிறோம். அம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் தெளிந்தது.

உச்சரிப்புக்கு மட்டும் மெரியம்-வெப்ஸ்டர் என்ற ஆங்கில அகராதித் தளத்துக்குப் போங்கள், ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தினால் வாசித்துக் காட்டும். மூன்றே அசை, மிஸ்-ச்சி-வஸ், அழுத்தம் முதலில். பலரும் 'மிஸ்ச்சீவியஸ்' என்று நான்காக நீட்டுகிறோம், நானும் அதுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடுதல் 'ஐ' போட்ட அந்த எழுத்துமுறை 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது, ஆனாலும் இன்றுவரை அதைத் தரமான வழக்காக ஏற்கவில்லை. மகள் அந்தப் பட்டனை இருபது தடவையாவது அழுத்தி, கூடவே சொல்லிச் சிரித்தாள்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இரண்டு தளங்களையும் போனில் சேமித்து வையுங்கள். ஐந்துக்கு ஐந்து தாராளமாகக் கொடுப்பேன். பாக்கெட் அகராதியையும் தூக்கிப் போடவில்லை, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அம்மா பென்சிலால் 'சேட்டைக்காரி' என்று எழுதி வைத்திருக்கிறார்.