டர்போ பிக்கப்புக்குப் பூஸ்ட் மீட்டர் மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: 11,800 ரூபாயும் போனது, பிரேக்கும் போனது

சேலத்தில் பிக்கப் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஏற்காடு மலைக்கு லோடு அடிப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். 11,800 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். பணம் மட்டும் போயிருந்தால் இப்படிக் கொதித்திருக்க மாட்டேன். போன திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் கைவிட்டது. பக்கத்து இருக்கையில் என் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு 17 வயது.

என்னிடம் இருப்பது டீசல் டர்போ பிக்கப். செவ்வாய்ப்பேட்டையில் மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு மேலே போவேன். திரும்பும்போது நாகலூர், செம்மநத்தம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காப்பி மூட்டையோ மிளகு மூட்டையோ கிடைக்கும். இரண்டு மாதமாக வண்டி மேட்டில் திணறியது. அடிவாரம் தாண்டி இரண்டு வளைவு ஏறுவதற்குள் இழுவை செத்துவிடும், பின்னால் கரும்புகை கிளம்பும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். டர்போ காற்றை அழுத்தித் தள்ளவில்லை என்றால் டீசல் முழுதாக எரியாமல் புகையாகத்தான் போகும். டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று கண்ணெதிரே காட்ட ஒரு பூஸ்ட் மீட்டர் இருந்தால் கோளாறு எங்கே என்று பிடித்துவிடலாம் என நினைத்தேன். அந்த நினைப்பில் இப்போதும் எனக்குத் தவறு தெரியவில்லை. போய்ச் சேர்ந்த கடைதான் தவறு.

சீட் கவர், மியூசிக் சிஸ்டம், கூடுதல் விளக்கு என்று கார் அலங்காரச் சாமான் விற்று மாட்டித் தரும் பெரிய கடை அது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. உள்ளே நுழைந்ததும் உட்கார வைத்து டீ வரவழைத்தார் கடைக்காரர். என் வயதுதான் இருக்கும். "மலை வண்டியைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டுமா அண்ணா? மாதம் பத்து வண்டிக்கு இந்த மீட்டர் மாட்டுகிறோம்" என்றார். என் வண்டி எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த வளைவில் திணறுகிறது என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். இவ்வளவு கேட்கிற மனிதருக்கு வேலை தெரியாமலா இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "இது டீசல் வண்டி. மீட்டர் குழாயை எங்கே இணைப்பீர்கள்?"

"வாக்குவம் வருகிற குழாய் எதுவோ அதில் ஒரு டீ போட்டால் முடிந்தது அண்ணா."

டீ என்று அவர் சொன்னது குழாயைக் கிளை பிரிக்கும் T வடிவ இணைப்பை; வாக்குவம் என்றால் காற்றை உறிஞ்சி இழுக்கும் வெற்றிடம். அந்தப் பதிலிலேயே எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது புரியவில்லை.

இரண்டரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். கண்ணாடியை ஒட்டிய தூணில் வட்டமான கருப்பு மீட்டர், நடுவில் பூஜ்யம், இடப்பக்கம் வாக்குவம், வலப்பக்கம் பூஸ்ட். சாவியைத் திருப்பி இஞ்சினை எழுப்பச் சொன்னார். எழுப்பியதும் ஊசி பூஜ்யத்திலிருந்து விறுவிறுவென்று இடப்பக்கம் சாய்ந்து நின்றது. "பார்த்தீர்களா அண்ணா, உயிர் வந்துவிட்டது!" என்று என் தோளைத் தட்டினார். ஊசி அசைந்துவிட்டது, மீட்டர் வேலை செய்கிறது, எனக்கு அது போதுமாக இருந்தது. மீட்டர் 7,500, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் 1,300, மாட்டுக்கூலி 3,000. மொத்தம் 11,800 ரூபாய். பில் கேட்டதற்கு, போட்டால் ஜிஎஸ்டி சேர்ந்து தொகை ஏறும் என்றார். துண்டுச் சீட்டில் பென்சிலால் கூட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். டீசல் போட வைத்திருந்த காசில்லை அது, அந்த மாதத்து வண்டித் தவணையிலிருந்து எடுத்த 11,800.

ஒன்பது நாள் ஓட்டினேன். ஊசி ஒரு தடவைகூட வலப்பக்கம் வரவில்லை. போன் செய்தால், "லோடு ஏற்றி மேடு ஏறுங்கள், வரும்" என்றார். லோடு ஏற்றித்தானே ஏறினேன்! அதைச் சொன்னால், "புது மீட்டர் அண்ணா, செட் ஆகக் கொஞ்ச நாள் பிடிக்கும்" என்றார். இன்னொன்றும் கவனித்தேன். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஊசி துள்ளித் துள்ளி விழுந்தது. அதையும் சொன்னேன். "அது வண்டி அதிர்வு" என்றார். பிரேக்கை மிதித்தால் ஊசி ஆடுகிறது என்று நான் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். தொழில் தெரிந்த எவரும் அந்த நிமிடமே வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்.

திங்கட்கிழமை 20 மூட்டைக் காப்பியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் கல்லாக நின்றது. இரண்டாவது முறை முழு பலத்தையும் போட்டு அழுத்தினேன். வண்டி லேசாகத் தயங்கியதே தவிர நிற்கவில்லை. "மாமா, ஏன் நிற்கவில்லை?" என்றான் பையன். இரண்டாம் கியரில் இருந்ததால் பிழைத்தோம். முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைப் படிப்படியாக இழுத்து, மலையோரத்து வடிகாலில் முன்சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். மறுபக்கம் என்ன இருக்கிறது என்று அந்தச் சாலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஏறி வந்த பஸ்ஸின் ஓட்டுநர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். என் வலது கால் வெகுநேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

பழக்கமான கோரிமேட்டு மெக்கானிக் அண்ணன் ஸ்கூட்டரில் மேலே வந்து பானெட்டைத் திறந்தார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எந்தப் பாவி செய்தான் இதை?" என்றார்.

விஷயம் இதுதான். பெட்ரோல் இஞ்சினில் காற்று போகும் வழியை ஒரு தகடு மூடித் திறக்கும். அதனால் வண்டி சும்மா ஓடும்போது உள்ளே வாக்குவம் உண்டாகும். என் வண்டி போன்ற டீசல் இஞ்சினில் அப்படி இல்லை. அதில் வாக்குவம் என்று ஒன்று இருந்தால் அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த தனிப் பம்ப் உண்டாக்குவது. அது போவது பிரேக் பூஸ்டருக்கு. கால் பலத்தைப் பல மடங்காக்கிக் கொடுப்பது அந்த வாக்குவம்தான். கடையில் மீட்டர் மாட்டிய பையன் "வாக்குவம் வருகிற குழாய்" எது என்று தேடி, என் பிரேக் குழாயை வெட்டியிருக்கிறான்!

வெட்டிய இடத்தில் என்ன போட்டிருந்தான் தெரியுமா? தோட்டத்தில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் கருப்பு பிளாஸ்டிக் டீ. ஒரு முனையில் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தான். மறுமுனையில் அதுவும் இல்லை. இஞ்சின் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, அந்த முனையிலிருந்து குழாய் கழன்று தொங்கியது. மீட்டர் குழாயை உள்ளே கொண்டுபோகத் தகரத்தில் துளை போட்டிருந்தான், துளைக்கு ரப்பர் வளையம் இல்லை. குழாயின் ஒரு பக்கம் பாதி அறுபட்டிருந்தது. மீட்டர் விளக்குக்கான ஒயரைப் பார்க்கிங் லைட் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தான், ஃபியூஸ் கிடையாது. இத்தனைக்கும் சேர்த்துத்தான் 3,000 ரூபாய் கூலி.

பிரேக் குழாயும் ஒயரிங்கும் சரிசெய்ய மேலும் 2,350 ஆனது. வயிறு எரிகிற செய்தி இனிமேல்தான். டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரிலிருந்து இஞ்சினுக்கு வரும் ரப்பர் ஹோஸில் அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. டர்போ தள்ளிய காற்றெல்லாம் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. மாற்றுவதற்கு 900 ரூபாய். இப்போது புகையும் இல்லை, திணறலும் இல்லை. 900 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய கோளாறு.

செவ்வாய்க்கிழமை அந்த டீயைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "மாட்டிய பையன் விடுமுறையில் இருக்கிறான், வந்ததும் கேட்கிறேன்" என்றார். புதன்கிழமை போனில், "உங்கள் வாக்குவம் பம்ப் பழசு அண்ணா, அதற்கு நாங்கள் என்ன செய்வோம்?" என்றார். இன்று மறுபடி நேரில் போனேன். டீ இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. "பொருளுக்குத்தான் கேரண்டி, மாட்டிய வேலைக்குக் கிடையாது. மீட்டர் ஓடுகிறதா இல்லையா? பில் இருந்தால் காட்டுங்கள்" என்றார், கடை நிறைய வாடிக்கையாளர்கள் கேட்கும்படி. 11,800 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டாராம். செத்திருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டதற்கு, "அதுதான் ஒன்றும் ஆகவில்லையே" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபின் அங்கே நிற்க முடியவில்லை.

எப்படி மாட்ட வேண்டும் என்று படிப்படியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு நிதானம் இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். டீசல் வண்டியில் பூஸ்ட் மீட்டரின் ஊசி, வண்டி சும்மா ஓடும்போது பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்க வேண்டும். லோடோடு ஆக்சிலேட்டரை மிதித்து ஏறும்போது வலப்பக்கம் போக வேண்டும். எழுப்பியதுமே இடப்பக்கம் விழுந்தால் வண்டியைக் கடையை விட்டு எடுக்காதீர்கள். நின்ற இடத்திலேயே இஞ்சினை ஓடவிட்டுப் பிரேக்கை நாலு தடவை மிதியுங்கள். ஊசி துள்ளினால் உங்கள் பிரேக் குழாயில் கை வைத்துவிட்டார்கள். எந்தக் குழாயில் டீ போட்டார்கள் என்று பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் இரும்புக் கிளிப் இருக்க வேண்டும். ஃபியூஸ் கேளுங்கள். எவ்வளவு கூடினாலும் பில் வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்று மாலை அழைத்துப் பதிந்துவிட்டேன். பொருளுக்கோ வேலைக்கோ கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். என்னிடம் இருப்பது பென்சில் சீட்டும், பணம் அனுப்பியதற்கான போன் பதிவும், அந்தக் கருப்பு டீயும், அதைச் சுற்றிய கட்டுக்கம்பியும். நான்கையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். நாளை லோடு இல்லை, காலையில் அந்த ஆணையத்துக்குத்தான் போகிறேன்.

இதே மாதிரிக் கடையில் மீட்டர் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற யாராவது இருந்தால், இன்று இரவே பானெட்டைத் திறந்து பாருங்கள்.