டிராய்ட்ஃபிஷ் ஆப்: ஓப்பனிங் சோதிக்க ஆகுமா?

செஸ் ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை, சோதித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் ஆப் இது. ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகக் கிடைக்கிறது. உள்ளே ஓடுவது ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின், அதாவது நகர்வுகளைக் கணக்குப் போடும் மென்பொருள். விளம்பரத் தொல்லை இல்லை, நெட்டும் வேண்டாம். எங்கள் மண்டபம் ஊரில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இது பிடித்துப்போக அதுவே போதும். முகப்பு மட்டும் பழைய பஞ்சாங்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கும் வேலை குறைவு. தெருப் பையன்கள் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஷார்ட்ஸ் வீடியோ பார்த்து எல்லோரும் எங்லண்ட் கேம்பிட் ஆடுகிறார்கள்: வெள்ளை சிப்பாயை டி4-இல் (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்) வைத்ததும் கறுப்பு தன் சிப்பாயை ஈ5-இல் வைக்கும். சிப்பாயைக் கொடுத்துவிட்டு, ராணியை ஈ7, பி4 வழியாகக் கொண்டுபோய் பி2 சிப்பாயை வெட்டுவது. வெள்ளை பதறிப்போய் மந்திரியை சி3-இல் வைத்தால் தீர்ந்தது கதை. கறுப்பு மந்திரி பி4-க்கு வரும், வெள்ளை ராணி டி2-இல் முட்டுக்கொடுக்கும், சி3-இல் மந்திரிக்கு மந்திரி வெட்டு, ராணி திருப்பி வெட்டும், சி1-இல் கறுப்பு ராணி மேட்.

“அண்ணே, சூப்பர் ஓப்பனிங்ணே!” என்றான் ஒருவன். கறுப்பு ராணி பி2-ஐ வெட்டிய நிலையை ஆப்பில் வைத்து, வெள்ளைக்கு ஒரே நேரத்தில் மூன்று நகர்வு வரிசை காட்டச் சொன்னேன். மேலே வந்து நின்றது குதிரை சி3. அதற்குக் கறுப்பு மந்திரி பி4 என்றால் வெள்ளை யானை பி1, கறுப்பு ராணி ஏ3, யானை பி3. ராணி ஓடி ஒளிய வேண்டும். அதற்குள் வெள்ளைக் காய்கள் எல்லாம் வெளியே. பையன் முகத்தில் ஈயாடவில்லை.

யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஆப் ஒரு எண் காட்டும். முதல் இரண்டு நொடியில் வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எஞ்சின் எத்தனை நகர்வு முன்னே பார்க்கிறது என்ற ஆழம் கூடக்கூட அது மாறும். பிளஸ் 1 என்றால் ஒரு சிப்பாய் லாபம் என்பது பழைய கணக்கு. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1-லிருந்து, வெள்ளை ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அர்த்தம். அதுவும் எஞ்சினும் எஞ்சினும் மோதினால். எதிரே உட்காருவது ராமநாதபுரத்து எட்டாம் வகுப்புப் பையன் என்பது அதற்குத் தெரியாது. அதனால் சிறந்த நகர்வைப் பார்த்துவிட்டு விட்டுவிடாமல், எதிராளி கை தானாகப் போகும் நகர்வுகளையும் வைத்துப் பார்க்கிறோம். எது நல்ல நகர்வு என்று ஆப் சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதை நாமே ஆடித்தான் பிடிக்க வேண்டும்.

குறை என்றால் சூடு. பகல் வெயிலில் அரை மணி நேரம் ஓடவிட்டால் போன் தோசைக்கல். சார்ஜில் போட்டபடி ஓட்டாதீர்கள்.

இப்போது கிங்ஸ் கேம்பிட் சோதனை நடக்கிறது. இதில் தொடக்கத்திலேயே சிப்பாயைக் கொடுக்க முன்வருவது வெள்ளை. கறுப்புக்குத்தான் கொஞ்சம் மேல் என்கிறது எஞ்சின். அந்தப் பையனோ அடுத்த போட்டியில் அதைத்தான் ஆடுவேன் என்று நிற்கிறான். ஆடட்டும்.