17 இன்ச்சிலிருந்து 16-க்கு இறங்கிய கதை: டயர் மாற்றி 41,000 கிலோமீட்டர் கழித்து

புது டயர் போட்ட முதல் வாரத்தில் யாரும் அதைப் பற்றி எழுதக் கூடாது. அந்த வாரத்தில் எல்லா டயரும் நல்ல டயர்தான். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) ஓரங்கள் அரைபட்டு, ரப்பர் இறுகிப்போன பழசைக் கழற்றிவிட்டு, 8 மில்லிமீட்டர் ஆழத்தோடு மெத்தென்று இருக்கும் புதுசைப் போட்டால் வண்டி மிதக்காமல் என்ன செய்யும்? நானும் அந்த வாரம் பார்த்தவர்களிடம் எல்லாம் பெருமையடித்தேன். இப்போது இரண்டரை வருடம், 41,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. பெருமை கொஞ்சம் வடிந்திருக்கிறது. மிச்சம் இருப்பதை எழுதுகிறேன்.

என்னுடையது ஒரு நடுத்தர செடான். வாங்கும்போதே 17 இன்ச் அலாய் ரிம், 215/45 டயர். பார்வைக்கு அழகு. ஆனால் 70-ஐத் தாண்டினால் தரையிலிருந்து ஒரு ‘ஊ...’ கிளம்பும். பின்சீட்டிலிருந்து அம்மா ஏதாவது சொன்னால் நான் “என்னம்மா?” என்று இரண்டு தடவை கேட்பேன். மூன்றாவது தடவை அவர் சொல்ல மாட்டார். பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கும்போது ‘தட் தட்’ என்று இடி நேராக முதுகுக்கு வரும். 46,000 கிலோமீட்டரில் டயர் தேய்ந்து முடிந்தது. இந்த முறை சத்தமில்லாத டயராகப் பார்த்துப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். மற்ற எல்லாரையும் போல, எந்த பிராண்ட் என்பதுதான் கேள்வி என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

நல்லவேளை, கடைக்குப் போகுமுன் வேறொரு சந்தேகம் வந்தது. இடது பக்கம் வளையும் நீண்ட வளைவுகளில் அந்த ‘ஊ’ கொஞ்சம் கூடியது. நேரானதும் குறைந்தது. டயர் சத்தம் சாலையைப் பொறுத்து மாறும்: கரடுமுரடான தாரில் இரையும், வழவழப்பான தாரில் அடங்கும். வீல் பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல வைக்கும் உருளைத் தொகுப்பு) சத்தத்துக்குச் சாலை ஒரு பொருட்டில்லை, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் கணக்கு. இடது பக்கம் திரும்பினால் எடை வலது சக்கரத்தில் விழும். வண்டியைத் தூக்கி, வலது முன்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் இன்னொரு கையை வைத்தால், ஸ்பிரிங் வழியாக ஒரு நறநறப்பு விரலுக்குத் தெரிந்தது. பேரிங் போய்விட்டது. மாற்றியதும் சத்தத்தில் ஒரு பங்கு காணாமல் போனது. அதைக் கவனிக்காமல் நேராக டயர் வாங்கியிருந்தால், பாவம், அந்த டயரைத்தான் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

அடுத்தது காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் என் வண்டிக்கு 32 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால் நான்கிலும் 38! காற்றடிக்கும் இடத்தில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் கைக்கு வந்த எண்ணை அடித்து அனுப்பிவிடுகிறார்கள். பி.எஸ்.ஐ. கூடினால் டயர் பந்து மாதிரி குதிக்கும். 32-க்கு இறக்கியதும் சின்னச் சின்ன அதிர்வுகள் மழுங்கின. இதற்குக் காசே ஆகவில்லை. (வெயிலில் ஓட்டிவிட்டு வந்து சூடாக அளந்து, காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஒன்றிலிருந்து இரண்டு பி.எஸ்.ஐ. வரை ஏறும். நைட்ரஜன் அடித்தால் சத்தம் குறையுமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.)

இவ்வளவுக்கும் பிறகு இடி குறைந்தது, போகவில்லை. வழி காட்டியது ஒரு பஞ்சர். பின்பக்க இடது டயர் இறங்கிவிட, ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்: “இன்னைக்கு இந்தப் பக்கம் தூக்கிப் போடவே இல்லையே.”

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். ஸ்டெப்னி 16 இன்ச் இரும்பு ரிம், 205/55 டயர். அதே கார், அதே சஸ்பென்ஷன், ஒரு மூலையில் மட்டும் வேறு அளவு. கதவு ஸ்டிக்கரை மறுபடி பார்த்தால் அதில் 215/45 ஆர்17, 205/55 ஆர்16 இரண்டும் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. குறைந்த விலை மாடலுக்கு நிறுவனமே கொடுக்கும் அளவு அது. இத்தனை வருடமாக என் கண்ணில் படவில்லை.

அன்று இரவு கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; 215-இல் 45 சதவீதம் என்றால் ரிம்முக்கு மேல் ரப்பரின் உயரம் ஏறத்தாழ 97 மில்லிமீட்டர். 205-இல் 55 சதவீதம் கிட்டத்தட்ட 113. குழிக்கும் ரிம்முக்கும் நடுவே 16 மில்லிமீட்டர் கூடுதலாக ரப்பரும் காற்றும். மொத்த விட்டமோ 625 எங்கே, 632 எங்கே, வித்தியாசம் ஒரு சதவீதம்தான். ஸ்பீடாமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. பார எண் இரண்டிலுமே 91, அதாவது டயருக்கு 615 கிலோ. ஆனால் பழைய 17 இன்ச் டயரில் 91-க்குப் பக்கத்தில் ‘எக்ஸ்எல்’ என்று போட்டிருந்தது. குட்டையான டயர் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டுமானால் உடம்பை இறுக்கிக் கட்டி, அதிகக் காற்றும் அடைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த எழுத்து. 205/55-க்கு அது தேவைப்படவில்லை. நான் தேடிய சொகுசு முதலில் அளவில்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு எந்த வண்டிக்கும் ரிம்மைச் சின்னதாக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பெரிய பிரேக் உள்ள மாடல்களில் சின்ன ரிம் காலிப்பரில் (பிரேக்கைப் பிடிக்கும் பாகம்) இடிக்கும். ஸ்டிக்கரில் அந்த அளவு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அளவு முடிவானதும் டயரைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிட்டது. 205/55 ஆர்16 உலகம் முழுக்க ஓடுகிற அளவு, ஏகப்பட்ட டயர்கள் கிடைக்கும். டயரில் ஒட்டி வரும் ஐரோப்பிய லேபிளில் சத்தத்துக்கு ஒரு டெசிபல் எண் இருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்த ஆரம்பித்தேன். பிறகுதான் புரிந்தது: அது வண்டிக்கு வெளியே, சாலையோரம் 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, எஞ்சினை அணைத்து 80 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு அளப்பது. தெருவில் நிற்பவர் காதுக்கான எண், என் அம்மாவின் காதுக்கானது இல்லை. ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். 3 டெசிபல் என்றால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. ஆனால் 69-க்கும் 70-க்கும் நடுவே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

உள்ளே ஃபோம் ஒட்டிய டயரையும் விசாரித்தேன். டயருக்குள் வளையமாக அடைபட்ட காற்று 200 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்ந்து ஒரு ‘டொம்’ கொடுக்கும், அதை ஃபோம் விழுங்கும். என் குறை அதைவிட உயர்ந்த சுருதியில் வரும் அந்த இரைச்சலில். பஞ்சர் போட ஃபோமை வெட்டி எடுக்க வேறு வேண்டும். விட்டுவிட்டேன்.

கடைசியில் பெரிய நிறுவனம் ஒன்றின் டூரிங் வகை (சொகுசான நீண்ட பயணத்துக்கான) டயர் வாங்கினேன். பெயர் சொல்லாததற்குத் திட்டாதீர்கள். ஒரே பெயரில் வரும் டயர் அளவுக்கு ஏற்ப வேறாக நடந்துகொள்கிறது, கார் நிறுவனத்துக்கென்று செய்து கொடுப்பதும் கடையில் கிடைப்பதும்கூட ஒன்றாக இருப்பதில்லை. என் பெயரை வைத்து நீங்கள் 18 இன்ச்சில் வாங்கி ஏமாறக் கூடாது. நான் பார்த்தது இரண்டு விஷயம். பட்டன்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இல்லாமல் குட்டையும் நெட்டையுமாகக் கலந்திருக்கிறதா (ஒரே நீளமாக இருந்தால் எல்லாம் ஒரே சுருதியில் ஊதும்), தோள்பட்டைப் பகுதியில் குறுக்கே திறந்த பெரிய பள்ளங்கள் குறைவாக இருக்கின்றனவா. அப்புறம், பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண். கடையில் முதலில் காட்டிய நான்கில் இரண்டு, ஒன்றரை வருடம் பழசு. மாற்றித் தரச் சொன்னேன், முகம் சுளித்தார்கள், தந்தார்கள்.

போட்டு முடித்து அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் ஆன பிறகும் 95-இல் ஸ்டியரிங் மெலிதாக நடுங்கியது. மறுநாள் திரும்பிப் போய், ஒரு சக்கரத்தில் டயரை ரிம்மிலேயே அரைச்சுற்று திருப்பி மாட்டி மறுபடி பேலன்ஸ் செய்ததும் நின்றது.

முதல் பத்தாயிரம் கிலோமீட்டர் சுகம். இடி பாதிக்கும் மேல் போயிற்று, இரைச்சல் கணிசமாகக் குறைந்தது. அம்மா ஒரு தடவை சொன்னாலே கேட்டது. சும்மா மனப்பிராந்தியா என்று பார்க்க, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஏசியை அணைத்து, கைபேசியில் டெசிபல் செயலியை ஓடவிட்டு அளந்து வைத்தேன். கைபேசி காட்டும் எண்ணை நம்ப முடியாது, ஆனால் அதே கைபேசியில் நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாம். பழசுக்கும் புதுசுக்கும் 4 டெசிபல் வித்தியாசம்.

22,000-இல் ‘ஊ’ திரும்பி வந்தது. இந்த முறை பின்னாலிருந்து. பேரிங் இல்லை, சோதித்தேன். பின்டயரின் உள்பக்கம் கையை விட்டு, பட்டன்கள் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாக்கில் தடவினேன். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போனது. எதிர்த்திசையில் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் தோலைப் பிடித்தது, ரம்பத்தைத் தடவியது போல. ஒவ்வொரு பட்டனும் ஒரு முனையில் உயர்ந்து மறுமுனையில் தேய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிகிறது. டயர் மேல் குற்றமில்லை. பத்தாயிரத்துக்கு ஒரு தடவை முன்பின் மாற்ற வேண்டியதை, ‘நல்லாத்தானே ஓடுது’ என்று நான் தள்ளிப்போட்டேன். பின்சக்கர டோவும் (சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கொஞ்சம் விலகியிருந்தது.

டோவைச் சரிசெய்து, பின்னால் இருந்ததை முன்னால் மாற்றினோம். சத்தம் கூடிவிட்டது! ரம்பம் இப்போது என் காலடியில். கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டது என் தப்பு. முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் அந்த விளிம்புகள் மெல்ல அரைபட்டு, மூவாயிரம் கிலோமீட்டரில் பெரும்பாலும் அடங்கியது. முழுதாக இல்லை. இன்று அதே சாலையில் அளந்தால், புதிதில் இருந்ததைவிட 2 டெசிபல் அதிகம்.

இழந்ததும் உண்டு. ஸ்டியரிங் முன்போல் வெடுக்கென்று பதில் சொல்லாது, திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புகிறது. மலைப்பாதையை ரசித்து ஓட்டுபவர்களுக்கு அது உறுத்தும். எனக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. மழையில் பிடிமானம் குறைந்ததாகத் தெரியவில்லை. மைலேஜ் அப்படியேதான். வண்டியின் அழகு? பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் கொஞ்சம் மங்கல்தான், மகன் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 1.6-இல் இருக்கும் தேய்மானக் குறியைத் தொட இன்னும் தூரம் இருக்கிறது. ஸ்டெப்னியும் மற்ற நான்கும் ஒரே அளவாகிவிட்டதால், அதையும் சேர்த்து ஐந்தாகச் சுற்றவிடலாம் என்று போன மாதம் டிக்கியைத் திறந்து ஆசையாக வெளியே எடுத்தேன். பட்டன் புத்தம் புதுசு, புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் மீசைகூட உதிரவில்லை. பக்கச்சுவரில் 3117. 2017-ஆம் வருடம், 31-ஆவது வாரம். துடைத்து, காற்றை மட்டும் சரிபார்த்து, திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.