கொச்சி பார்க்க அரசு போட்டா, வாட்டர் மெட்ரோவா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொச்சிக்குக் கிளம்பும் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது இதுதான். இரண்டுமே எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகும் படகுகள்தான்.

காசு: அரசு போட்டில் 10 ரூபாய்கூட ஆகாது, மெட்ரோவில் 40.

ஏறி இறங்க: 2023இல் வந்த மெட்ரோதான் சுகம். பேட்டரிப் படகு, ஏசி. மிதக்கும் மேடை படகோடு சமமாக நிற்பதால் மூட்டுவலிக்கார அத்தைகூடத் தயங்காமல் ஏறிவிட்டார். போட்டில் காலைத் தூக்கி வைத்துத்தான் ஏற வேண்டும், அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும்.

காட்சி: இங்கே நான் போட் கட்சி. மெட்ரோவில் எல்லாம் கண்ணாடி வழியேதான். போட்டிலோ உப்புக்காற்று முகத்தில் அடிக்கும், கொஞ்சம் டீசல் வாசனையும் சேர்ந்து. கப்பல், கொக்கு, கரையோரத்துச் சீன மீன்வலை எல்லாம் நேராகத் தெரியும்.

பெரியவர்களோடு மதிய வெயிலில் என்றால் மெட்ரோ. கூட்டாளிகளோடு என்றால் சாயங்கால போட். ஓரத்து இருக்கைக்கு மட்டும் முந்திக்கொள்ளுங்கள்.