கிருஷ்ணகிரி சாலைகளுக்கு 220டி-யா, ஏ கிளாஸா?

பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே 2020 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தது. மெர்சிடிஸ் ஏ கிளாஸ் லிமோசின் 2021 மார்ச்சில் வந்தது. இப்போது இரண்டும் செகண்ட் ஹேண்டில் கிடைப்பதால், எதை வாங்கலாம் என்று எங்கள் பக்கத்தில் பலரும் கேட்கிறார்கள். நான் வாங்கியது பிஎம்டபிள்யூவின் டீசல் மாடலான 220டி எம் ஸ்போர்ட். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

உள்ளே உட்கார்ந்ததும் மனதைப் பிடிப்பது மெர்சிடிஸ்தான். பின் சீட்டிலும் அதற்கே கூடுதல் மார்க். அதன் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2,729 மி.மீ., பிஎம்டபிள்யூவில் 2,670 தான். கூரையும் பின்னால் சரிந்து வருவதால், அம்மா ஏறும்போது நன்றாகக் குனிந்துதான் ஏற வேண்டும். உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். டிக்கி 430 லிட்டர் என்றாலும் வாய் சிறியது. மாம்பழ சீசனில் செந்தூரா பெட்டிகள் இரண்டுக்கு மேல் என்றால் பின் சீட்டை மடக்க வேண்டியதுதான்.

ஓட்டுவதில் கதை மாறுகிறது. 220டி-யில் 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க், 8 கியர் ஆட்டோமேட்டிக். ஏ கிளாஸின் பெட்ரோல் மாடலான ஏ 200-ல் எஞ்சின் 1.3 லிட்டர்தான், 163 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் லாரிகள் ஊர்ந்து ஏறும். இடைவெளி கிடைத்ததும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே போதும், 220டி திணறாமல் தாண்டிவிடும். இறங்கும்போது ஸ்டியரிங் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டி கியரைக் குறைத்துக்கொள்வேன். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. இது முன்சக்கர இழுவை வண்டி. பின்சக்கர பிஎம்டபிள்யூவை ஓட்டிப் பழகியவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ஒகேனக்கல் இறக்க வளைவுகளில் மூக்கு வெளியே ஓடாமல் திரும்புகிறது, எனக்கு அது போதும்.

ஏ 200-ஐ நண்பரிடம் வாங்கி ஓசூர் வரை ஓட்டியிருக்கிறேன். நெடுஞ்சாலையில் அமைதியான, சுகமான வண்டி. மலையில் ஏற்றிப் பார்த்ததில்லை. அதன் டீசல் மாடலான ஏ 200டி-யை ஓட்டியதே இல்லை. ஆகவே மலைப்பாதையில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது எஞ்சின் அல்ல, டயர். நான் வாங்கிய வண்டியில் 18 இன்ச் ரன்ஃபிளாட் டயர்கள் இருந்தன. பக்கச் சுவர் தடிப்பாக இருப்பதால், காற்று முழுவதும் இறங்கினாலும் ரிம் தரையில் படாது. பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தூரம் வரை ஓட்டலாம் என்பது கணக்கு. அதை நம் ஊர்த் தூரங்களோடு வைத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கி.மீ., தருமபுரியிலிருந்து சேலம் 70-க்குள். இரண்டும் எல்லைக்குள் வருகின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90, அது வராது. வேலை முடிந்து இரவில் தனியாகத் திரும்புகிறவன் நான். லாரிகள் இறங்கும் கணவாயில், சாலை ஓரத்தில் ஜாக்கி வைத்துக் குனிந்து நிற்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் இதற்கு விலை உண்டு. டயர் விறைப்பாக இருப்பதால் ராயக்கோட்டைப் பக்கத்து ஸ்பீட் பிரேக்கர்களும் ஒட்டுப்போட்ட தார்ச்சாலையும் இடுப்பில் தெரியும். சாதாரண பஞ்சர் கடையில் கழற்ற முயன்றால் டயர் ஓரம் கிழியும். அதற்கான மெஷின் இருக்கும் கடையைத்தான் தேட வேண்டும். காற்றில்லாமல் ஓடிய டயரின் உட்சுவர் நொந்திருக்கும் என்பதால், ஒட்டுப்போடாமல் மாற்றச் சொல்வதே வழக்கம். புது டயரை பெங்களூருவிலிருந்துதான் வரவழைக்கிறேன், சாதாரண டயரைவிட விலையும் கூடுதல். செலவைக் குறைக்கச் சிலர் சாதாரண டயருக்கு மாறிவிட்டு ஸ்டெப்னியை டிக்கியில் போட்டுக்கொள்கிறார்கள். சவாரி மெத்தென்று ஆகும், சரி. ஆனால் இருக்கிற கொஞ்ச டிக்கியும் போய்விடும். அப்படி மாற்றுவதாக இருந்தால், பின் சீட்டு இடம் கூடுதலாக உள்ள ஏ கிளாஸையே வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம். பெரும்பாலும் குடும்பத்தோடு, பகலில், பெங்களூரு போய்வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

220டி பார்க்கப் போனால், கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன் நான்கு டயரின் பக்கச் சுவரையும் குனிந்து படியுங்கள். டிஓடி (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். ரன்ஃபிளாட் என்பதைக் காட்டும் ஆர்எஸ்சி (RSC) அல்லது ஆர்எஃப்டி (RFT) என்ற எழுத்து நான்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ரன்ஃபிளாட், இரண்டு சாதாரணம் என்று கலந்திருந்தால், நான்கு புது டயர் விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தை ஆரம்பியுங்கள்.