எடிமான்லைன்: ஆங்கிலச் சொல்லுக்கு வேர் தேடும் தளம் எதுவரை கைகொடுக்கும்?

டக்ளஸ் ஹார்ப்பரின் எடிமான்லைன் இலவசத் தளம், செயலியும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் ஐரோப்பியப் பாதையை ஒரே பத்தியில் கொடுத்துவிடும். போர்ச்சுக்கீசியம் வரை அதை நம்பிப் போகலாம். அதற்கு அப்பால் தமிழ் தெரிந்தவர் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும்.

பெங்களூர் அலுவலக வாட்சப் குழுக்களில் சுற்றும் 'காசுதான் கேஷ்' என்ற செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கேஷ்' என்ற ஒரே எழுத்தில் இரண்டு தனிச் சொற்கள் உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது பிரெஞ்சு 'கெஸ்', லத்தீன் 'காப்சா' வழி வந்தது. பெட்டி என்று பொருள். பணப்பெட்டி பணமாயிற்று. நம் காசு போர்ச்சுக்கீசியர் வாயில் 'கைஷா' ஆகி, கீழை நாட்டுச் சிறு நாணயத்தின் பெயராக ஆங்கிலத்துக்குப் போனது. முதல் சொல்லோடு நிறுத்துபவரும் இரண்டாவதை மட்டும் படம் பிடித்து அனுப்புபவரும் பாதிதான் சொல்கிறார்கள்.

பதிவில் உள்ள ஆண்டு, ஆங்கில எழுத்தில் அச்சொல் முதலில் கிடைத்த காலம். சொல் பிறந்த காலம் அல்ல. உடுக்குறி (*) இட்ட வடிவம் ஊகித்து மீட்டது, எந்த ஏட்டிலும் கண்டதல்ல.

'ஜிஞ்சர்' நல்ல சோதனை. லத்தீன், கிரேக்க 'சிங்கிபெரிஸ்', பிராகிருதம், பிறகு சமஸ்கிருத 'சிருங்கவேர'. 'கொம்பு போன்ற உடல்' என்ற விளக்கம் பின்னால் ஒட்டவைத்தது என்றே பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அடியில் இருப்பது இஞ்சிவேர். இஞ்சி என்றாலே வேர் என்று சில ஆங்கிலத் தளங்கள் எழுதுவது அபத்தம், வேர்தான் வேர். 'சிருங்கவேர'வில் உள்ள தொடக்கச் சகரம் இஞ்சியில் எங்கே போனது? தென்திராவிடத்தில் பல சொற்களில் அது உதிர்ந்தது: நம் எண் 'ஆறு' (6), நடு இந்தியத் திராவிட மொழியான கோண்டியில் 'சாருங்'.

இந்தக் கடைசிப் படிக்கு மொழியியலாளர்கள் பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி வேண்டும். 1984 இரண்டாம் பதிப்பு சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். அதில் மூலத் திராவிட வடிவம் தரமாட்டார்கள். பல திராவிட மொழிகளில் உள்ள இனச்சொற்களை மட்டும் அடுக்குவார்கள். தமிழ் முதலில் நிற்பது தெற்கிலிருந்து வடக்காக வரிசைப்படுத்தியதால். மூத்தமொழிப் பட்டம் அல்ல. அந்தப் பக்கத்தைக் காட்டிக் கன்னட நண்பரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். பெரும்பாலும் அவருடைய சொல்லும் அதே பதிவில் நாலைந்து மொழி தள்ளி இருக்கும்.