“முழு ரீவயரிங், 100% காப்பர்” என்று பில்: 1966 மஸ்டாங்கின் டாஷ்போர்டுக்குள் இருந்தது என்ன?

கலிபோர்னியாவில் பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, வயரிங்கை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு மிச்ச வேலையை வீட்டு கராஜில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கார் 1966 ஃபோர்டு மஸ்டாங். ஆலையில் அடித்த அடையாள நம்பர் 6ஆர்07சி என்று ஆரம்பிக்கிறது. 6 என்பது 1966, ஆர் என்பது சான் ஹோசே ஆலை, 07 ஹார்ட்டாப், சி என்றால் இரண்டு பேரல் கார்பரேட்டர் வைத்த 289 கன அங்குல வி8 இன்ஜின். (அந்த ஆலை நின்ற இடம்தான் மில்பிட்டஸில் இன்றைக்கு கிரேட் மால். சனிக்கிழமை அங்கே துணி எடுக்கப் போகிற நம் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.) ஒர்க்‌ஷாப்பின் பேர் இங்கே வேண்டாம். பில்லில் இருந்த மூன்று வரி போதும்: முழு ரீவயரிங், ஒரிஜினல் மாதிரி ஹார்னஸ் (காரின் வயர்களைச் சேர்த்துக் கட்டிய கற்றை), 100% காப்பர். மூன்றும் பொய்.

வெளியே பார்த்தால் சந்தேகமே வராது. பசையில்லாத கறுப்பு டேப்பை அந்தக் காலத்து மாதிரியே அழகாகச் சுற்றியிருந்தார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே அந்த டேப்பை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்ததும் குட்டு வெளிப்பட்டது. உள்ளே போன வயர்களின் மேல் ‘ஹார்ன்’, ‘ஃப்யூயல்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. ஃபோர்டு அப்படி எதையும் அச்சடித்ததில்லை. நிறமும் கோடும்தான் அவர்கள் அடையாளம். இது எந்தக் காருக்கும் போடுகிற 12 சர்க்யூட் யுனிவர்சல் கிட். அசல் அச்சில் வருகிற ஹார்னஸ் ஒரே உருண்டையாக வராது. டாஷுக்குக் கீழே ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று, இன்ஜின் மீட்டர்களுக்கு ஒன்று, ஆல்டர்னேட்டருக்கு ஒன்று, பின் விளக்குக்கு ஒன்று என்று தனித்தனித் துண்டுகளாக, வார்ப்பு பிளக்கோடு வரும். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கிற தகட்டுச் சுவர்) பிளக்கே இல்லாமல் வயர் நேராக ஓட்டைக்குள் போனால், அது ஒரிஜினல் மாதிரி இல்லை. இங்கே அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் (குரோமெட்) கூட இல்லை. தகட்டு விளிம்பு வயரின் தோலை ஏற்கெனவே அறுக்க ஆரம்பித்திருந்தது.

யுனிவர்சல் கிட் என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. இன்ஜின், மீட்டர், விளக்கு எல்லாம் மாற்றிய காருக்கு அதுதான் சரி. ஆனால் மீட்டரும் பாயிண்டும் (ஸ்பார்க்குக்காகக் காயிலின் கரண்டை விட்டு விட்டு அறுக்கிற கான்டாக்ட்) ஃபோர்டின் பழையதாகவே இருக்கிற காரில் அதைப் போடுகிறவருக்கு, கிட்டில் எது இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். இவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் விட்டுவிட்டார்கள்.

முதலில் விட்டது பிங்க் வயர். பார்க்க மற்ற வயர் மாதிரியே இருக்கும், உண்மையில் அது ஒரு ரெசிஸ்டர். சாவி சுவிட்சிலிருந்து காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜை உண்டாக்குவது) போகிற வழியில், டாஷுக்குக் கீழேயே இருக்கிறது. 1.3 முதல் 1.4 ஓம். காயிலின் பிரைமரி சுமார் 1.5 ஓம் என்று வைத்துக்கொண்டால், இந்த வயரோடு சேர்த்து பாயிண்ட் வழியே ஏறக்குறைய 5 ஆம்பியர் ஓடும். இந்த வயர் இல்லாவிட்டால் 9 ஆம்பியரைத் தாண்டும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் முழு வோல்டேஜ் கிடைக்க, சோலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச்) ‘ஐ’ முனையிலிருந்து ஒரு பிரவுன் வயர் தனியாகக் காயிலுக்கு வரும். பெரும்பாலான கிட்டில் இந்த இரண்டுமே கிடையாது. ஒரே வயரில் நேராக 12 வோல்ட்.

இதில் கொடுமை என்னவென்றால், வண்டியை எடுத்த முதல் சில வாரம் பிரமாதமாக ஓடும். ஸ்பார்க் பலமாக இருக்கும், ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும், ஒர்க்‌ஷாப்காரரை வாயாரப் புகழத் தோன்றும். பிறகு பாயிண்ட் கருகிக் குழி விழும், காயிலைத் தொட முடியாமல் கொதிக்கும், சிக்னலில் நின்றால் வண்டி சூட்டில் அணையும். கார்பரேட்டரைக் குறை சொல்லி அதைப் பிரித்து மேய்வார்கள்.

சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். காயிலின் மைனஸ் முனையை ஒரு ஜம்பர் வயரால் இன்ஜின் பிளாக்கில் எர்த் செய்யுங்கள். சாவியை ஆன் பண்ணுங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். காயிலின் ப்ளஸ் முனையில் மல்டிமீட்டர் 6, 7 வோல்ட் காட்டினால் ரெசிஸ்டர் இருக்கிறது. 12 காட்டினால் இல்லை. மைனஸை எர்த் செய்யாமல் பார்த்தால், பாயிண்ட் திறந்த நிலையில் நின்றிருக்கும்போது இரண்டு வகை வண்டியும் 12 காட்டி ஏமாற்றும். சாவியை அதிக நேரம் ஆனில் விடாதீர்கள், காயில் சூடேறும். பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்ட காருக்கு 12 வோல்ட் வேண்டியிருக்கலாம், அது வேறு கதை. இந்தக் காரில் பாயிண்ட்தான்.

அடுத்தது மீட்டர். பெட்ரோல், சூடு, ஆயில் முள்கள் மூன்றும் இந்தக் காரில் 12 வோல்ட்டில் வேலை செய்வதில்லை. மீட்டர் பெட்டியின் முதுகில் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு டப்பா இருக்கிறது. உள்ளே ஒரு பைமெட்டல் பட்டை சூடாகி வளைந்து கான்டாக்டைத் திறக்கும், ஆறினால் மூடும். இப்படித் துடித்துத் துடித்து, சராசரியாக 5 வோல்ட் மாதிரி கரண்டை அனுப்பும். டேங்க் மிதவையின் ஓமும் அதற்கேற்றது: காலி என்றால் 73, நிறைந்தால் 10.

கிட் போட்டவர் மீட்டர் வயரை நேராக 12 வோல்ட்டில் கொடுத்திருந்தால் முள் உடனே முட்டிக்கொண்டு நிற்கும், கண்டுபிடித்துவிடலாம். இங்கே செய்த தப்பு அதைவிட நுணுக்கம். டப்பாவை அப்படியே விட்டுவிட்டு, பெயின்ட் அடித்த பெட்டியைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள். அந்த டப்பாவுக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் கிடைக்கிறது. எர்த் போனால் பைமெட்டல் சூடாகாது, கான்டாக்ட் மூடியே இருக்கும், முழு பேட்டரி வோல்டேஜும் முள்களுக்குப் போகும். பெயின்ட் கெடக்கூடாது என்று பார்த்து வைத்த வேலை மீட்டர்களைப் பொரித்துவிட்டது. முள்கள் எல்லாம் ஒன்றாக மேலே ஏறினால் டப்பாவைப் பாருங்கள். ஒன்று மட்டும் ஏறினால் அதன் சென்ஸரைப் பாருங்கள். டப்பாவின் அவுட்புட்டில் டெஸ்ட் லைட் வைத்தால் விட்டு விட்டு எரிய வேண்டும், நிலையாக எரியக் கூடாது. பெட்டியிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

பின் விளக்கில் நடந்தது உயிர் சம்பந்தப்பட்டது. மஸ்டாங்கில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பின் ஒரே பெரிய இழைதான். பிரேக் சுவிட்சிலிருந்து பச்சை வயர் நேராகப் பின்னால் போகாது. ஸ்டியரிங் காலமில் இருக்கிற இண்டிகேட்டர் சுவிட்சுக்குள் போய், அங்கே பிரிந்து இடது வலது விளக்குகளுக்கு இறங்கும். இடது பக்கம் போட்டால் சுவிட்ச் இடது இழையைப் பிரேக்கிலிருந்து கழற்றி ஃபிளாஷரில் மாட்டும். இங்கே பிரேக் வயரை நேராகக் கொண்டுபோய் இரண்டு பின் விளக்குக்கும் போகிற வயர்களோடு முறுக்கி விட்டிருந்தார்கள். விளைவு, இடது போட்டால் பின்னால் இரண்டும் சிமிட்டின. பிரேக் மிதித்தால் சிமிட்டல் நின்று, முன்னால் இருக்கிற இண்டிகேட்டரும் சேர்ந்து நிலையாக எரிந்தது. பின்னால் வருகிறவருக்கு இந்தக் கார் எங்கே திரும்பப் போகிறது என்று தெரிய வழியே இல்லை. டெலிவரி எடுக்கும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டே இடதும் வலதும் போட்டுப் பாருங்கள். போட்ட பக்கம் சிமிட்ட வேண்டும், மறுபக்கம் நிலையாக எரிய வேண்டும். டிக்கிக்குள் போன வயர், சொல்லப்போனால், 1966-இல் போட்டதேதான். ‘முழு ரீவயரிங்’ பின் சீட்டோடு நின்றுவிட்டது.

இனி அந்த 100% காப்பர். பேட்டரியிலிருந்து சோலினாய்டுக்கும் செல்ஃபுக்கும் போன தடித்த கேபிள் அலுமினியம். மேலே மட்டும் செம்பு முலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் தெரியும். மேலே செம்பு, உள்ளே வெள்ளி நிறம் என்றால் அலுமினியம். மேலே வெள்ளி, உள்ளே செம்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய நல்ல காப்பர். அதைப் பார்த்துப் பதறி ஒர்க்‌ஷாப்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். எடையும் காட்டிக்கொடுக்கும் (கேஜ் என்பது வயரின் தடிமன் எண், எண் கூடக்கூட வயர் மெல்லியது): 2 கேஜ் காப்பர் கேபிள் தோலில்லாமல் மீட்டருக்கு 300 கிராம் இருக்கும், இந்த வகை 110 கிராம் சுமார்தான். ஒரே தடிமனில் இதன் ரெசிஸ்டன்ஸ் காப்பரைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல். அதாவது 12 கேஜ் என்று விற்பது காப்பரின் 14 கேஜ் வேலையைத்தான் செய்யும். போதாததற்கு, கேபிள் முனையின் உலோக லக்கில் அழுத்தி கிரிம்ப் செய்த அலுமினியம் சூட்டிலும் குளிரிலும் நாளடைவில் தளரும், ஈரம் பட்டால் அரிக்கும், ஒரு நாள் செல்ஃப் ‘டக்’ என்று மட்டும் சொல்லும்.

ஹெட்லைட்டிலும் இதே வயர், அதுவும் 16 கேஜ். ஹை பீமில் 65 வாட் வீதம் இரண்டு விளக்குக்கு 10 ஆம்பியர். ஐந்து மீட்டர் ஓட்டத்தில் 1 வோல்ட் வழியிலேயே சூடாகப் போய்விடும். 1 வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு காணாமல் போகும். அதற்கு 30 ஆம்பியர் பியூஸ் போட்டிருந்தார்கள். பியூஸ் காப்பது விளக்கை இல்லை, வயரை. நல்ல காப்பரிலேயே 18 கேஜுக்கு 10, 16-க்கு 15, 14-க்கு 20, 12-க்கு 30 என்பதுதான் வழக்கமான கணக்கு. ஷார்ட் ஆனால் இந்தக் காரில் பியூஸுக்கு முன்னால் வயர்தான் எரிந்திருக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போன 10 கேஜ் வயருக்கோ எந்தப் பாதுகாப்பும் இல்லை. அதில் 14 கேஜ் ஃபியூசிபிள் லிங்க் (கரண்ட் எகிறினால் தானே உருகி அறுகிற வயர்த் துண்டு) ஒரு சாண் நீளம் போட வேண்டும். காக்கிற வயரை விட நாலு எண் மெல்லியது என்பது விதி. சாதா 14 கேஜ் வயரை வைத்து ஒப்பேற்றாதீர்கள், லிங்கின் தோல் தீப்பிடிக்காத வகை.

இன்ஜினிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகிற எர்த் பட்டை இந்தக் காரில் மாட்டவே இல்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும், பிறகு பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2-க்கு மேல் போனால் எர்த் சரியில்லை.

திருத்தி முடித்ததும் பேட்டரியை அப்படியே மாட்டாதீர்கள். மைனஸ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு 1157 பல்பை (பிரேக் விளக்கில் போடுகிற வகை) தொடராக வையுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது பல்பு எரியக்கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். கதவை மூடிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் உள்விளக்குக் கரண்டிலேயே பல்பு மினுக்கி உங்களை அலைய வைக்கும். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்துவிட்டு நேர் இணைப்புக்கு வரலாம்.

பணம் விஷயம். கலிபோர்னியாவில் ஒர்க்‌ஷாப் வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும், பில்லில் பாகமும் கூலியும் தனித்தனியாக வர வேண்டும். மாநிலத்தின் பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் புகார் கொடுக்கலாம். பிரித்த டேப்பு, சுரண்டிய இழை, 12 வோல்ட் காட்டுகிற மீட்டர், எல்லாவற்றையும் பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள், கழற்றுவதற்கு முன்னால். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், முதல் ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டும். ரொக்கம் கொடுத்தால் தள்ளுபடி என்று அவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

இந்தக் காரில் திரும்பக் கிடைக்காமல் போனது பழைய ஹார்னஸ். பிங்க் வயரும் ஃபயர்வால் பிளக்குகளும் மீட்டர் பெட்டியின் கிளிப்புகளும் அதோடு குப்பைக்குப் போய்விட்டன. வேலை ஆர்டர் போடும்போதே கேட்டிருந்தால் கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டியது அவர்கள் கடமை. டெலிவரி எடுக்கிற அன்று கேட்டால் கையை விரிக்கலாம். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: கழற்றிய ஹார்னஸ், பிளக், பிராக்கெட் எல்லாம் சொந்தக்காரரிடம் திருப்பித் தரப்படும்.